எண்பது வயது ஜீப்புக்குப் புதுப் பாகம் எப்படிப் பிறக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் வாரத்தில் பிரான்சின் நார்மண்டி கடற்கரையோரம் இரண்டாம் உலகப்போர்க் கால வண்டிகள் ஊர்வலமாக வரும். 1944 ஜூன் 6-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் கரையிறங்கிய இடம் அது. ஜீப்பும் லாரியும் கவச வண்டியுமாகப் பல நாடுகளிலிருந்து அவற்றின் சொந்தக்காரர்கள் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வண்டிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அதைச் செய்த தொழிற்சாலைகள் அந்த மாடலை மறந்தே பல பத்தாண்டுகள் ஆகின்றன. அப்படியானால் அதன் கியர் உடைந்தால் என்ன செய்வார்கள்? கேட்கவேண்டிய கேள்வி இது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே போவோம்.

நமக்குத் துணையாக ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம்: ஜீப். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் வில்லிஸ் நிறுவனமும், அதே வடிவத்தில் ஃபோர்டு நிறுவனமும் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டி. நம் மலைத் தோட்டச் சாலைகளில் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஓடிய பழைய மகிந்திரா ஜீப்புகளும் இந்த வில்லிஸ் வம்சம்தான்.

இவ்வளவு வண்டிகள் இருந்ததால் ஜீப்காரர்களுக்கு நீண்ட காலம் கவலையில்லை. கிடங்குகளில் பழைய இருப்பு கிடந்தது. துருப்பிடிக்காமலிருக்க மெழுகு போன்ற கெட்டிக் கிரீஸ் பூசி, எண்ணெய்த்தாளில் சுற்றி, ராணுவம் பெட்டிபெட்டியாக வைத்திருந்த உதிரிபாகங்கள் அவை. பிரான்சில் ஹாட்ச்கிஸ் என்ற நிறுவனம் இதே ஜீப்பை உரிமம் பெற்று 1966 வரை செய்தது. அந்த இருப்பும் கைகொடுத்தது. ஆனால் இருப்பு என்பது குறைந்துகொண்டே போகும் பொருள். இரும்புப் பாகம் கிரீசுக்குள் தூங்கினால் அப்படியே இருக்கும். ரப்பர் பாகமோ பெட்டியைத் திறக்காமலே இறுகி வெடித்துவிடும். ஆகவே ஒரு கட்டத்தில் புதிதாகச் செய்துதான் ஆகவேண்டும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் எண்ணம் ஒன்று உண்டு. "அதான் பழைய பாகம் கையில் இருக்கிறதே, அதைப் பார்த்து அதே மாதிரி ஒன்று செய்தால் போயிற்று!" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேலையின் கஷ்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. வருடக்கணக்கில் நடந்து தேய்ந்த செருப்பை ஒருவரிடம் கொடுத்து, இதே போல ஒன்று தைத்துக்கொடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவர் அச்சுப் பிசகாமல் தைத்தால் ஒரு பக்கம் சாய்ந்த, குதிகால் மெலிந்த, புத்தம்புதிய தேய்ந்த செருப்புதான் நமக்குக் கிடைக்கும்.

கையில் இருக்கும் பாகம் வரைபடம் இல்லை. வரைபடத்தில் தொடங்கி, எண்பது வருடச் சுமையிலும் சூட்டிலும் மண்ணிலும் மாறி வந்து நிற்கும் முடிவு அது. நமக்குத் தேவை அந்தத் தொடக்கம். 1941 இறுதியில் வில்லிஸ் வடிவ ஜீப்பைச் செய்ய ஃபோர்டு ஒப்புக்கொண்டபோது என்ன நடந்தது என்று பார்த்தால் இது விளங்கும். அவர்களிடம் ஒரு ஜீப்பைக் கொடுத்து இதே போலச் செய்யுங்கள் என்று விட்டுவிடவில்லை. வில்லிஸின் வரைபடங்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அளவும், அந்த அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற எல்லையும் அவற்றில் இருந்தன. அதனால்தான் ஒரு நிறுவனம் செய்த பாகம் இன்னொரு நிறுவனத்தின் வண்டியில் போர்முனைச் சேற்றில் வைத்தே மாட்ட முடிந்தது.

அந்த எல்லைக்குப் பட்டறைகளில் டாலரன்ஸ் என்று பெயர். ஒரு தண்டு ஒரு துளைக்குள் சுழலவேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்க மிகச் சிறிய இடைவெளி வேண்டும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர், அல்லது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதற்குக் குறைந்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் ஆட்டம் கொடுக்கும். இப்போது யோசியுங்கள். தேய்ந்த தண்டில் அங்குலத்தின் ஆயிரத்தில் எட்டுப் பங்கு போயிருந்தால், அதைப் பார்த்துச் செய்யும் புதுத் தண்டு பிறக்கும்போதே செத்தது.

சரி, தொலைந்த அளவை எப்படி மீட்பது? ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து பார்ப்போம். என்ஜினிலிருந்து வரும் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டி அது. அதன் நடுவில் அசையாமல் நிற்கும் ஒரு தண்டு. அதன்மேல் உருளை பேரிங் வைத்து ஒரு கியர் சுழலும். தண்டு திரும்புவதே இல்லை என்பதால் சுமை எப்போதும் ஒரே பக்கத்தில் அழுத்தும், தேய்மானமும் ஒரே பக்கத்தில் விழும். குறுக்குவாட்டில் பார்த்தால் வட்டம் போய்க் கோணல் வந்திருக்கும். நடுவில் அளந்தால் ஒரு திசையில் 0.742 அங்குலம், மறு திசையில் 0.748 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். எதை நம்புவது?

இரண்டையும் நம்பவேண்டாம். தண்டின் இரு முனைகளும் பெட்டியின் சுவருக்குள் இறுகி உட்கார்ந்திருந்தவை. அங்கே எதுவும் உரசவில்லை. அந்த இடத்தை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 0.750-ஐ ஒட்டி நிற்கும். முக்கால் அங்குலம்! வரைந்தவர் மனத்தில் இருந்த எண் அதுதான். அமெரிக்க வரைவாளர்கள் அங்குலத்தில் சிந்தித்தார்கள். அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்று என்று முழுமையான பின்னங்களையே முதலில் எடுத்தார்கள். நாம் அளந்தது அப்படிப்பட்ட ஓர் எண்ணுக்கு மிக அருகே வந்தால் அது வழிகாட்டி. ஒரே தண்டோடு நிற்காமல், வேறு வண்டிகளிலிருந்து கழற்றியவற்றையும் வாங்கி அளந்து பார்ப்பார்கள். பக்கத்தில் அதோடு சேர்ந்து வேலை செய்யும் பாகத்தையும் அளப்பார்கள். இது பொய் சொன்னாலும் அது உண்மை சொல்லும். அமெரிக்க ராணுவம் அச்சிட்ட பராமரிப்புக் கையேடுகளும் இன்று கிடைக்கின்றன. ஜீப்புக்கான முதன்மைக் கையேட்டின் எண் டி.எம். 9-803. அதோடு சேர்ந்த பழுதுபார்ப்பு நூல்களில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு இடைவெளி இருக்கவேண்டும் என்ற குறிப்புகள் உண்டு. உற்பத்தி வரைபடம் அளவுக்கு முழுமை இல்லையென்றாலும் பொக்கிஷம்தான்.

அதே தண்டைப் பற்றி இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. போருக்குப் பிறகு வந்த ஜீப்புகளில் அதை ஒன்றேகால் அங்குலம் வரை பருமனாக்கினார்கள். முதலில் போட்ட முக்கால் அங்குலம் போதவில்லை என்று செய்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள். புதிதாகச் செய்பவர் பெட்டியை மாற்றாமல் அளவைக் கூட்ட முடியாது. ஆனால் நல்ல எஃகைத் தேர்ந்தெடுத்து அதன் மேற்பரப்பைக் கடினப்படுத்தலாம். பாகத்தின் வரலாறு தெரிந்தவருக்குத்தான் எந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது தெரியும்.

அடுத்தது வார்ப்பு. இங்கே "அதே மாதிரி" என்ற எண்ணம் இன்னும் பெரிய அடி வாங்கும். என்ஜினின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பால் ஆனது. சூடாகிச் சூடாகி ஆறியதில் பல வண்டிகளில் விரிசல் விட்டுவிட்டது. வார்ப்பாலையில் மணலை இறுக்கி, அதில் மாதிரி ஒன்றைப் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். பழைய மேனிஃபோல்டையே மாதிரியாகப் பதித்தால் என்ன? உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு ஓர் அடி நீளத்துக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். வார்ப்பெஃகு அதைப்போல இருமடங்கு. பழையதைப் பதித்து வார்த்த புது மேனிஃபோல்ட் பார்வைக்கு அச்சாக இருக்கும். என்ஜினில் வைத்தால் ஒரு போல்ட் உட்காரும், கடைசி போல்ட் துளையைப் பார்த்து நிற்கும்.

அதனால் பேட்டர்ன் எனப்படும் இந்த மாதிரியைச் செய்யும் ஆசாரிகள் அதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருந்தார்கள். அதில் ஓர் அடி என்று குறித்திருப்பது உண்மையில் ஓர் அடியும் அரைக்கால் அங்குலமும். அந்தக் கோலால் அளந்து மரத்தில் செய்துவிட்டால் சுருங்கி வரும்போது கணக்கு நேராகிவிடும். எவ்வளவு அழகான அறிவு! இதோடு, பின்னால் கடைந்து சமன்படுத்தவேண்டிய முகங்களில் சில மில்லிமீட்டர் சதை கூட்டவேண்டும். மணலை உடைக்காமல் மாதிரியை உருவ, பக்கங்களைச் சற்றே சரிக்கவேண்டும். உள்ளே புகை போகும் குழிவுக்கு மணலாலேயே கோர் என்ற உள்கரு செய்து வைக்கவேண்டும். துளைகளின் இடத்தையோ, சூட்டில் வளைந்துபோன பழைய மேனிஃபோல்டிலிருந்து எடுக்கவே கூடாது. அது போய் உட்காரவேண்டிய என்ஜின் பிளாக்கிலிருந்து எடுக்கவேண்டும்.

"இப்போதுதான் முப்பரிமாண ஸ்கேனரும் பிரிண்டரும் வந்துவிட்டனவே?" என்று நீங்கள் கேட்பீர்கள். வந்திருப்பது பெரிய உதவிதான். மரப் பேட்டர்னுக்குப் பதில் பிளாஸ்டிக்கில் அச்சிடலாம், மணல் அச்சையே நேரடியாக அச்சிடும் இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் ஸ்கேனர் தான் காண்பதைத்தான் பதிவு செய்யும். தேய்ந்ததைத் தேய்ந்ததாகவும் வளைந்ததை வளைந்ததாகவும் மிகத் துல்லியமாகக் கொண்டுவந்து கணினியில் வைக்கும். இது தேய்மானம், இது வரைந்தவர் வைத்த வளைவு என்று பிரித்துச் சொல்ல ஒரு மனிதர் அதன்முன் உட்காரவேண்டும். பழைய வேலையில் பாதி குறைந்தது. கடினமான பாதி அப்படியே இருக்கிறது.

அளவு கிடைத்துவிட்டது. உலோகம்? கண்ணுக்குத் தெரியாத விஷயம் இது. கியர் பல் ஒன்று மேலே கடினமாக இருந்தால்தான் தேயாது. முழுவதும் கடினமாக இருந்தால் அதிர்ச்சியில் ஒடிந்துவிடும். ஆகவே கரிமம் குறைந்த எஃகில் கியரைச் செய்து, கரிமம் நிறைந்த சூழலில் 900 டிகிரி செல்சியசுக்கு மேல் மணிக்கணக்கில் வைப்பார்கள். தோலுக்குள் மட்டும் கரிமம் ஊறும். பிறகு எண்ணெயில் தோய்த்துச் சட்டென்று குளிர்வித்தால் மேல்தோல் மட்டும் இறுகும், உள்ளே எஃகு தாங்கும் தன்மையோடு இருக்கும். கேஸ் ஹார்டனிங் என்பது இதைத்தான். பழைய கியரில் இதைத் தெரிந்துகொள்ள, உடைந்த பல் ஒன்றை வெட்டி மெருகேற்றி அமிலம் தடவிப் பார்ப்பார்கள். கடினமான தோல் தனி நிறத்தில் விளிம்பாகத் தெரியும், அதன் ஆழத்தை அளந்துவிடலாம். சாதாரண இரும்பில் பளபளப்பாகக் கடைந்த கியரும் அலமாரியில் இதே போலத்தான் இருக்கும். வேறுபாடு முதல் மலையேற்றத்தில் தெரியும். இந்தப் பரிசோதனையைச் செலவு என்று நினைத்துத் தவிர்ப்பவர்களிடம் பாகம் வாங்கவேண்டாம் என்றே நான் சொல்வேன்.

சில இடங்களில் பழையதைப் பின்பற்றவே கூடாது. அக்காலத்து பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் வேறு பொருள் போடவேண்டும். பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தைப் பழைய ரப்பர் கலவையிலேயே செய்தால் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் அதை உப்பவைத்து அரித்துவிடும். உருவம் பழையது, பொருள் புதியது என்பதுதான் இங்கே சரி.

ரப்பர் என்றதும் நம்மவர் கதையும் வந்து சேர்கிறது. போருக்கு முன் உலகத்தின் ரப்பரில் பெரும்பங்கு தென்கிழக்காசியாவிலிருந்து போனது. மலாயாத் தோட்டங்களில் விடியலுக்கு முன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். 1942-ல் ஜப்பான் அந்தத் தோட்டங்களைப் பிடித்ததும் அமெரிக்கா செயற்கை ரப்பருக்கு மாறியது. ஜெர்மனியும் தட்டுப்பாட்டில் தவித்து, 1944-ல் தன் டைகர் டாங்கிகளின் சக்கரங்களில் வெளி ரப்பரை விட்டுவிட்டு இரும்பு விளிம்புக்குப் போனது. இன்று டாங்கிச் சக்கரத்துக்கு ரப்பர் போடுபவர்கள் அந்தப் போர்க்காலக் கலவையைத் தேடுவதில்லை. இரும்பைச் சுத்தமாகச் சுரண்டி, ஒட்டுப்பசை பூசி, வேகாத ரப்பரை அடுக்கடுக்காகச் சுற்றி, நீராவி அழுத்தக் கலத்தில் வேகவைத்து, பிறகு லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

இனி வண்டி உடலின் தகட்டு வேலை. அதற்கு மணிலாவுக்குப் போகவேண்டும். போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் பிலிப்பைன்சில் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி அலங்கரித்து அந்த ஊர்க்காரர்கள் ஜீப்னி என்ற பயணிகள் வண்டியாக்கினார்கள். தகட்டை வளைத்து உடல் கட்டும் கைத்திறன் அங்கே அப்படி வளர்ந்தது. இன்று எம்.டி. ஜுவான் என்ற நிறுவனம் போர்க்கால ஜீப்பின் முழு உடலையே புதிதாகச் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறது.

எஞ்சியிருப்பது ஒரு நேர்மைப் பிரச்சினை. ஃபோர்டு தான் செய்த பாகங்களில், போல்ட் தலையில்கூட, 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. அந்த எழுத்துள்ள பாகத்துக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஆகவே புதுப் பாகத்திலும் அந்த எழுத்தைப் பொறிக்கலாமா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. வண்டி முழுமையாகத் தெரியவேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது, பொறிக்கட்டும். ஆனால் மாட்டியபின் கண்ணில் படாத பக்கத்தில் செய்த ஆண்டையும் பொறிக்கவேண்டும். நாற்பது வருடம் கழித்து ஒருவர் அந்தப் பாகத்தைக் கழற்றி மைக்ரோமீட்டரை வைப்பார். அளப்பது 1943-ன் வேலையையா, நம் காலத்து வேலையையா என்பது அவருக்குத் தெரியவேண்டும்.