இளவேனிற் பூக்கள்

மாணவர்களே! ஆண்டுத் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கும் காலமே நம் நாட்டின் இளவேனிற் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழர் வகுத்த பெரும்பொழுதுப் பாகுபாடு. வெயிலுக்கு அஞ்சி இத்திங்களில் வீட்டினுள் அடைந்து கிடப்போர் பலர். ஆயினும் நம் சமவெளி மரங்கள் பல பூத்துக் குலுங்கும் காலமும் இதுவே. அப்பூக்களைக் குடும்பத்தோடு சென்று காணுதல் எவ்வாறு, அதனால் பெறும் பயன் யாது என்பவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நீரற்ற வேனிலில் மரங்கள் பூப்பானேன் என்று நீங்கள் வினவலாம். மழை குறைந்த தை, மாசித் திங்கள்களில் பல மரங்கள் இலையை உதிர்த்து, நீர் ஆவியாகி வீணாவதைக் குறைத்துக்கொள்கின்றன. இலை மறைக்காத கிளையில் பூக்கும் மலர் பறவைக்கும் வண்டுக்கும் தொலைவிலிருந்தே புலனாகும். விதைக்கும் இதில் நன்மை உண்டு. பங்குனி, சித்திரையில் பூக்கும் வேம்பு, ஆனி, ஆடியில் பழுக்கிறது. வேப்பம் விதை நெடுநாள் முளைப்புத் திறனோடு இராது. சில வாரங்களுக்குள் ஈரம் கிடைத்தாக வேண்டும். மழை வரும் காலத்தை ஒட்டியே அது பழுத்து விழுகிறது.

இப்பருவத்தில் வெளியே சென்று மகிழ்தல் நமக்குப் புதிய வழக்கமன்று. கோயில்களில் வசந்த விழா நடைபெறுதலை அறிவீர்கள். மதுரையில் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புது மண்டபம் அவ்விழாவிற்காகவே அமைந்தது. சித்திரா பௌர்ணமியன்று சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் சென்று, நிலவில் அமர்ந்து உண்பதும் நம் குடும்பங்களின் பழக்கம். பூக்காணச் செல்லும் பயணத்தை அவ்வழக்கத்தின் தொடர்ச்சியாகவே கொள்ளலாம்.

பயணம் விடியலில் தொடங்குதல் வேண்டும். பழைய கோயில் ஒன்றன் அருகே இலுப்பை மரம் இருப்பின் முதலில் அங்கே செல்லுங்கள். இலுப்பைப் பூ இரவில் மலர்வது. வௌவால்கள் அதனை நாடி வரும். சதைப்பற்றுள்ள வெளிறிய பூக்கள் வைகறையில் உதிர்ந்து தரையை மூடிக் கிடக்கும். ஒன்றை எடுத்துத் துடைத்து வாயிலிட்டால், ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்னும் பழமொழியின் பொருள் நாவிற்கே விளங்கும். அடுத்து வேப்ப மரம். அதன் கீழே துணியை விரித்து உதிரும் பூவைச் சேர்க்கும் முறையைப் பாட்டியிடம் கேட்டறியுங்கள். சித்திரை முதல் நாளில் பச்சடிக்கு உதவும் பூ அதுவே.

வெயில் ஏறுமுன் காண வேண்டியது சரக்கொன்றை. சிவபெருமானுக்கு உகந்ததாகப் போற்றப்படும் இம்மலர், கேரளத்தில் விஷுக் கணியில் இடம்பெறுகிறது. பொன்னிறச் சரங்களை நின்று ரசித்தபின், உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்து நோக்குங்கள். மகரந்தத்தாள்கள் பத்து இருக்கும். மூன்று நீண்டு வளைந்தவை, நான்கு குறுகியவை, எஞ்சிய மூன்று மிகச் சிறியவை. இப்பூவில் வண்டிற்குத் தேன் இல்லை, மகரந்தமே உணவு. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்யும். அந்த அதிர்வில் மகரந்தம் உதிரும். குறுகிய தாள்கள் வண்டிற்கு உணவளிக்க, நீண்டவை அதன் உடலில் மகரந்தத்தை ஒட்டி மற்றொரு பூவிற்கு அனுப்புகின்றன. சென்ற ஆண்டுப் பூவிலிருந்து உண்டான நீண்ட கரிய காய்களும் அதே மரத்தில் தொங்கக் காணலாம். காய் முதிர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். சாலையோரத்தில் செந்நிறமாகப் பூக்கும் செம்மயிற்கொன்றையையும் சிலர் கொன்றை என்றே சுருக்கிச் சொல்வர். அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த வேறொரு மரம்.

பின்னர்ப் புங்க மரத்தின் நிழலை நாடுங்கள். புதுத்தளிர் விட்டு நிற்கும் அம்மரத்தின் கீழே, பொரியை இறைத்தாற்போல் சிறு பூக்கள் சிதறிக் கிடக்கும். புளியோதரையும் தயிர்ச்சோறும் உண்ண அதனினும் தக்க இடம் எது? தண்ணீர் மறவாதீர்கள், உச்சிவேளைக்கு முன் வீடு திரும்புங்கள். கிளையை ஒடிக்க வேண்டா. உதிர்ந்தவையே நமக்குப் போதும்.

இப்பயணத்திற்குத் தாத்தாவையும் பாட்டியையும் அழைத்துச் செல்லுமாறு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மரங்களின் பெயர்களையும் பயன்களையும் அறிந்த தலைமுறை அவர்களுடையது. நீங்கள் கேளாவிடின் அவ்வறிவு அவர்களோடு மறைந்துவிடும். சாலையை அகலப்படுத்தவும் மனை பிரிக்கவும் மரங்கள் வெட்டப்படுகின்றன. அப்போது “ஒரு மரம் போயிற்று” என்பார்க்கும், “கோயில் வாசல் இலுப்பை போயிற்று” என்பார்க்கும் வேறுபாடு உண்டு. வெட்டுமுன் சென்று தடுத்துக் கேட்பவர் பின்னவரே.

இன்னொரு கடமையும் உங்களுக்கு உண்டு. கண்ட மரம், இடம், பூத்த நாள் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஜப்பானியர் தம் குடும்பத்தோடும் நண்பர்களோடும் செர்ரி மரத்தடியில் அமர்ந்து பூக்கண்டு மகிழ்பவர்கள். அந்நாட்டின் கியோட்டோ நகரில் செர்ரி மலர்ந்த நாட்களை 9-ஆம் நூற்றாண்டு முதலே நாட்குறிப்புகளில் எழுதி வந்தனர். 2021-இல் அங்கு மார்ச் 26 அன்றே அம்மலர்கள் முழுமையாகப் பூத்தன. அதற்கு முந்தைய 1,200 ஆண்டுப் பதிவுகளில் அத்துணை விரைவில் பூத்ததாகச் செய்தி இல்லை. புவி வெப்பமடைதலை ஆராயும் அறிஞர்க்கு அக்குறிப்புகள் இன்று அரிய சான்றாக உதவுகின்றன. மகிழ்ச்சிக்காகப் பூப்பார்க்கச் சென்றோர் எழுதிய சிறு வரிகள் அவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் தெருக் கொன்றைக்கும் அத்தகைய குறிப்பு வேண்டும். தொலைவூர் செல்ல வசதியில்லையே என்று வருந்த வேண்டா. வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஒரு மரமே தொடக்கத்திற்குப் போதும். வரும் ஞாயிறன்று வீட்டாரோடு புறப்படுங்கள். திரும்பியதும் முதல் வரியை எழுதுங்கள். அடுத்த சித்திரையில் அதனோடு ஒப்பிட இரண்டாம் வரி உங்களுக்குக் கிடைக்கும்.