ஏறி இறங்கும் இன்ஜின்: சென்சார் மீது ஏன் பழி?

அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் ஒரு பழைய கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலேட்டரில் கால் இல்லை. ஆனாலும் ஆர்பிஎம் முள் 1,200-க்கும் 1,900-க்கும் நடுவே ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ‘சென்சார் போச்சு’ என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் முதல் தீர்ப்பு. அது அவசரத் தீர்ப்பு. செத்துப்போன சென்சார் பொதுவாகத் தாளம் போடாது. முள் ஒரே சீராக ஏறி இறங்குகிறது என்றால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி விழிப்போடு வேலை செய்கிறது என்று பொருள். பெரும்பாலும் கோளாறு வேறெங்கோ இருக்கும்: வேண்டாத காற்று எந்த வழியாகவோ உள்ளே புகுந்துகொண்டிருக்கும். பழைய மெக்கானிக்குகள் இதைத்தான் ‘ஏர் இழுக்குது’ என்பார்கள்.

பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்த காலத்தையொட்டி, நம் சாலைகளில் கார்புரேட்டரின் இடத்தை எம்.பி.எஃப்.ஐ. (கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) பிடிக்கத் தொடங்கியது. இந்த வகை இன்ஜினில் கால் எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். ஐடிலிங்குக்கு வேண்டிய கொஞ்சக் காற்றை ஒரு சிறு வால்வு அளந்துவிடும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஓஸிலோ இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ வெடிப்பு விழுந்தால் அந்த வழியே கூடுதல் காற்று நுழைகிறது. மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் விடும் கார்களில், கணினி அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலை விட, வேகம் ஏறுகிறது. வால்வை முழுக்க மூடியும் வேகம் அடங்காதபோது, கார் இறக்கத்தில் உருள்கிறது என்று நினைத்துக் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்துகிறது. வேகம் விழுகிறது, இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க மறுபடி பெட்ரோல் வருகிறது, மறுபடி ஏறுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இந்த ஆட்டம் பெரும்பாலும் தெரியாது. அப்போது கணினியே கூடுதல் வேகத்தை விரும்புகிறது, பெட்ரோலை நிறுத்தும் எல்லையும் மேலே இருக்கிறது. ஆவடியில் கிளம்பும்போது ஒழுங்காக இருந்த கார் அம்பத்தூர் வருவதற்குள் ஆடத் தொடங்குவது இதனால்தான். இது கணினிக் காலத்து நோயும் அல்ல. நீராவி இன்ஜின்களின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர்கள் இப்படி ஊசலாடியதை இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல் 1868-லேயே கணிதத்தில் ஆராய்ந்திருக்கிறார். திருத்தம் தாமதமாகவோ மிகையாகவோ வந்தால், திருத்தமே ஊசலாட்டமாகிவிடுகிறது.

‘சென்சார் மாற்றியதும் சரியாயிற்றே’ என்பவர்கள் உண்டு. சரியாகியிருக்கும். ஆனால் அந்த வேலைக்காக பேட்டரி வயரைக் கழற்றியிருந்தால், பல கார்களில் கணினி கற்றுவைத்த அளவுகள் அழிந்துவிடும். அது அவற்றைத் திரும்பக் கற்கும்வரை கார் நல்லபிள்ளையாக ஓடக்கூடும். வேலையின்போது கையோடு ஓர் ஓஸ் இறுக்கப்பட்டிருக்கவும் கூடும். இன்னும் சிலர் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் மீது பழி போடுவார்கள்; அவர்களுக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே 20 சதவீதம் கலந்த பெட்ரோலில், ஆக்ஸிஜன் சென்சார் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிகளில் கலவை சற்று மெலியும், இன்ஜின் திணறலாம். ஆனால் அந்த மெலிவு எல்லா வேகத்திலும் இருக்கும். ஐடிலிங்கில் மட்டும் தாளம் போடாது. ஒன்றை மட்டும் மறுக்க முடியாது: கரி படிந்து சிக்கிக்கொண்ட ஐடில் வால்வும் இதே ஆட்டத்தைக் காட்டும். அதற்கும் முதல் மருத்துவம் சுத்தம் செய்வதுதான், புதிதாக வாங்குவதல்ல.

ஓஸ்களை ஒவ்வொன்றாக பிளையரால் மெல்ல நசுக்கிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எதை நசுக்கும்போது ஆட்டம் நிற்கிறதோ அந்த வழியில்தான் ஓட்டை. கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சித் தேடுவது வழக்கம்தான், ஆனால் அது தீப்பற்றும் திரவம். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் விளையாட்டு வேண்டாம். ஸ்கேனர் உள்ள கடையானால், உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் கார்களில், ஐடிலிங்கில் பெட்ரோல் திருத்த அளவு பிளஸ்ஸில் எகிறி, 2,500 ஆர்பிஎம்மில் அடங்குகிறதா என்று கேளுங்கள். அடங்கினால் காற்றுக் கசிவு. வேகம் கூடக் கூட அதுவும் கூடினால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ சந்தேகிக்கலாம். ஓஸ் எல்லாம் பார்த்து முடிக்கும்வரை சென்சாருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.