பன்றி முன்சப்பை: பெருந்தீ வேண்டாம், தணல் போதும்

ஜார்ஜ்டவுன் – புலாவ் திக்குஸ் சந்தையில் பன்றி இறைச்சி வாங்க நிற்பவர்களில் சீனர்களோடு தமிழர்களும் உண்டு. முதலில் விலைபோவது வயிற்றுக்கறிதான். அதன் பக்கத்திலேயே, பொதுவாக அதைவிட மலிவாக, விரல் கனத்துக்கு அறுத்த முன்சப்பைத் துண்டுகள் இருக்கும். ‘ஸ்டீக்’ என்று வாங்கிப் போய், பெருந்தீயில் பொரித்து, ரப்பர் மாதிரி இருக்கிறது என்று கைவிட்டவர்கள் பலர்.

குறை கறியில் இல்லை. தோள் என்பது விலங்கின் உடல் பாரத்தைச் சுமக்கும் பகுதி. உழைத்த தசைகளுக்கு இடையே கொழுப்பும் வெள்ளைச் சவ்வும் ஓடும். சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம், 70 டிகிரி செல்சியசுக்கு மேல் ஈரத்தோடு நெடுநேரம் வெந்தால்தான் உருகிக் கறியை மிருதுவாக்கும். பெருந்தீயில் தசை சுருங்கி நீர் வெளியேறிவிடும், சவ்வு அப்படியே நிற்கும்.

தோட்டத்து அடுப்புக்கு இது சொல்லாமலே தெரிந்திருந்தது. வீட்டுச் சமையலறைக்குள் பன்றியைச் சேர்க்காத குடும்பங்களில், லயத்துக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, அதற்கென்றே வைத்த சட்டியில் ஆண்கள் சமைப்பார்கள். காட்டுப்பன்றி கிடைத்தாலும் அதே அடுப்புதான். விறகு எரிந்து அடங்கிய தணலில் கறி தன் பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். அடுக்குமாடி வீட்டுக்கு மசாலை வந்து சேர்ந்தது, தணல் வரவில்லை. கேஸ் அடுப்பில் அதை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

ஒரு கிலோ முன்சப்பையை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்குங்கள். கொழுப்பை வெட்டி எறிய வேண்டாம், பெரட்டலுக்கு எண்ணெய் அதுதான். மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது பிசறி, தண்ணீர் ஊற்றாமல் மூடி சிறுதீயில் வையுங்கள். கறியே நீர் விடும். அது வற்றினால் மட்டும் கொஞ்சம் வெந்நீர். ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் கரண்டி பட்டால் பிரியும். அவசரமென்றால் குக்கரில் இருபது நிமிடம். பிறகு சோம்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, நிறைய வெங்காயம் தாளித்து, கறித்தூளும் இடித்த மிளகும் சேர்த்து, கொழுப்பு பிரியும்வரை பெரட்ட வேண்டும். மசாலையை முதலிலேயே கொட்டினால் அடிப்பிடிக்கும். மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் ருசி இன்னும் கூடும்.

கொழுப்பை ரசிப்பது நமக்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில், குழியில் அடைத்து அரிசி மாவு ஊட்டிப் பல நாள் வளர்த்த ஆண் பன்றியின் கொழுத்த கறி விருந்தாக வருகிறது, கூடவே கள்ளும்.

பக்கத்து வீட்டு ஹொக்கியன் சமையலும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ‘தாவ் யூ பாக்’ என்பது கருப்புக் கிச்சாப்பு, பூண்டு, சீனி, மிளகு சேர்த்து மெதுவாகக் கொதிக்க வைக்கும் கறி. அதில் அவித்த முட்டையும் சேர்ப்பார்கள். மசாலை வேறு, தீ ஒன்றே.

நேரமே இல்லையா? துண்டை அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்து இறுக்கி, தசை நாருக்குக் குறுக்காகக் காகிதம் போல் சீவுங்கள். கத்தியே நாரை அறுத்துவிடுவதால் சூடான சட்டியில் மூன்று நான்கு நிமிடம் போதும். பெருந்தீக்கு ஏற்ற ஒரே முறை இதுதான்.

1998-99இல் நிப்பா கிருமி 105 உயிர்களைப் பறித்தபோது, பன்றிக்கறி வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். அன்று பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள். சமைத்த கறியைத் தின்றதால் பரவிய நோயல்ல அது. ஆனாலும் கறி உள்ளே சிவக்காமல் வேகத்தான் வேண்டும். காட்டுப்பன்றியில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம் என்பதால், அதைச் சீவி வதக்கும் முறைக்கு எடுக்காதீர்கள். அதற்கு மூடிய சட்டியும் சிறுதீயும்தான்.