அணிலின் பல்லும் வீட்டின் இடுக்கும்

கொய்யாவும் தென்னையும் நிற்கும் வீடுகளில் அணில் அழையா விருந்தாளி. முதுகில் மூன்று வெண்கோடுகள் தாங்கிய சிற்றுயிர் அது. பழுக்குமுன்னே காயைக் குதறும். இணையக் கம்பியைத் துண்டிக்கும். குளிரூட்டிக் குழாய் நுழையும் துளையில் நாரையும் பஞ்சையும் திணித்துக் கூடமைக்கும்.

இக்குறும்புக்கு வேர் அதன் வாயில் உள்ளது. அணில் ஒரு கொறிணி. மேலும் கீழும் இவ்விரண்டாய் அமைந்த வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றின் முன்முகத்தில் மட்டும் கடினமான பற்சிப்பி படர்ந்திருக்கும். பின்புறப் பல்திசு மென்மையானது ஆதலின் விரைந்து தேயும். இவ்வாறு முனை உளிபோல் கூர்மை பெறுகிறது. கொறியாவிடில் பல் அளவுமீறி நீண்டு உண்ணவும் இயலாது. ஆகவே கொறித்தலைத் தடுக்க இயலாது. கொறிக்கும் இடத்தை மட்டுமே மாற்ற இயலும்.

அதற்கு வழி மூன்று. முதலாவது, பாதையை அறுத்தல். கூரையைத் தொடும் கிளைகளைக் கழிக்க வேண்டும். தனித்து நிற்கும் தென்னையின் தண்டில் வழுவழுப்பான தகரப்பட்டை சுற்றினால் நகம் பற்றாது. அண்டை மரத்து ஓலை உரசுமாயின் அப்பட்டையால் பயனில்லை. இரண்டாவது, உணவைக் காத்தல். காய்களுக்கு வலைப்பை கட்டலாம். மிளகாய்க் கரைசலும் தெளிக்கலாம். அதன் காரப்பொருள் பாலூட்டிகளின் நரம்பில் எரிச்சலைத் தூண்டும். பறவைகள் அதனை உணரா என்பதால், அணில் விலகினாலும் கிளி விலகாது. ஒரு மழை பெய்தால் கரைசலும் கரைந்தோடும்.

மூன்றாவது, துளையடைத்தல். நுரைப்பொருளும் நெகிழியும் அப்பல்லுக்கு ஈடாகா. எஃகு வலையும் சிமிட்டிக் காரையுமே நிற்கும். ஆயினும் அடைக்குமுன் கூட்டை நோக்குதல் கடன். கருக்காலம் ஏறத்தாழ 34 நாள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள். கண் திறவா, மயிர் முளையா அவை உள்ளிருக்கத் துளையை மூடினால், தாய் வெளியே அலைந்து புதுவழி கடிக்கும். குட்டிகள் மாண்டு நாறும். குட்டிகள் தாமே வெளியேறச் சில வாரங்கள் பொறுத்தல் நன்று.

நஞ்சு வைப்பது நெறியன்று. நஞ்சுண்ட அணிலைத் தின்னும் பூனைக்கும் பருந்துக்கும் அந்நஞ்சு சேரும். ஓரணில் ஒழிந்தாலும், துளையும் கனியும் அவ்வாறே இருக்க, அவ்விடத்தை மற்றோர் அணில் பற்றும். மாற்ற வேண்டியது வீட்டின் அமைப்பையே.