மேடையிலிருந்து திரைக்கு வந்த கோமாளிகள்

சென்ற உரையில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் தொட்டு, நகை என்னும் மெய்ப்பாட்டின் வாசலில் நின்றுவிட்டோம். இன்று அந்த வாசலால் உள்ளே போய், இலக்கணத்தை விட்டுச் சற்று விலகி, திரைப்படத்தில் சிரிப்பு எப்படிக் குடியேறியது என்பதைப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். இப்படி விலகுவதற்குக் காரணம் ஒரு மாணவன்.

நான் திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போய்த் தமிழ் கற்பிப்பவன். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை நாங்கள் ‘பாதை’ என்று அழைக்கும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். இப்போது பேருந்து ஒரே மூச்சில் கொண்டுபோய் விடுகிறது. நகைக்குரிய நான்கு நிலைக்களன்களை, அதாவது பிறரை எள்ளுதல், பிள்ளைத்தனம், பேதைமை, ஒன்றை வேறொன்றாகக் கொள்ளும் மடமை ஆகியவற்றை, வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். உதாரணத்துக்காக, என் தந்தையார் இளமையில் இலங்கை வானொலியில் கேட்டு மகிழ்ந்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் வரும் மரிக்காரின் பேச்சைப் போல நானும் இரண்டு வாக்கியம் பேசிக் காட்டினேன். வகுப்பு சிரித்தது. கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “சேர், எங்கட பேச்சக் கேட்டா மட்டும் ஏன் சேர் எல்லாருக்கும் சிரிப்பு வருது?” என்று கேட்டான்.

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. மணி அடித்தது, நானும் தப்பித்தேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலைத் தேடிப் போன பயணந்தான் இன்றைய உரை.

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கியது 1931இல், ‘காளிதாஸ்’ படத்தின் மூலம். அது பேசத் தொடங்கியபோது அதற்கு வாய் கொடுத்தவர்கள் நாடகக் கொட்டகைகளிலிருந்து வந்தவர்கள். கதாநாயகனும் வில்லனும் அங்கிருந்து வந்தார்கள். சிரிப்பு நடிகனும் அங்கிருந்தே வந்தான், ஆனால் அவன் வந்த பாதை இன்னும் நீளமானது. கூத்தில் அரசன் வரவைக் கட்டியங் கூறி அறிவிக்கும் கட்டியகாரன் அவனுடைய பாட்டன். அரசனைப் புகழ்ந்து கூறிவிட்டு, அடுத்த கணமே சபையோர் பக்கம் திரும்பி அதே அரசனைக் கிண்டல் செய்ய அவனுக்கு உரிமை இருந்தது. பிற்கால நாடகக் கொட்டகையில் அவனுக்கு ‘பபூன்’ என்று பெயர் மாறியது. ஆர்மோனியம் ஒலிக்க முதலில் மேடைக்கு வருபவன் அவனே. காட்சிக்கும் காட்சிக்கும் இடையில், உள்ளே வேடம் மாற்றும் நேரத்தை நிரப்புபவனும் அவனே. வள்ளி திருமணமோ கோவலன் கதையோ எதுவானாலும், அவன் பேசுவது அன்றைய ஊர் விஷயந்தான்.

ஆகவே அவன் கதைக்குள் இருப்பவன் அல்லன். கதைக்கும் சபைக்கும் நடுவில் நிற்பவன். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பழைய தமிழ்ப் படங்களின் நகைச்சுவை நமக்கு நன்கு விளங்கும். கதை ஒரு பக்கம் போக, சிரிப்பு இன்னொரு பக்கம் தனியே ஓடுகிறதே என்று இன்றைய விமர்சகர்கள் குறைப்படுகிறார்கள். அது திரைக்கதை எழுதத் தெரியாததால் வந்த குறை அன்று. நாடகக் கொட்டகை திரைக்குக் கொடுத்த சீதனம்.

இந்நடிகர்கள் பயின்ற இடங்கள் பாய்ஸ் கம்பனிகள். சிறு வயதிலேயே சேர்க்கப்பட்ட பையன்கள் பாட்டும் வசனமும் அடியும் ஒன்றாக வாங்கிக்கொண்டு வளர்ந்தார்கள். அவர்கள் கற்ற வித்தைகளில் மிகக் கடினமானது, சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பது. அடுத்த வசனத்தை முந்திச் சொன்னால் அது சிரிப்பில் அமிழ்ந்துபோகும். பிந்திச் சொன்னால் சபை ஆறிப்போகும். படப்பிடிப்புக் கூடத்திலோ சிரிப்பதற்கு ஆள் இல்லை. ஒலி பதிவாகும்போது எவரும் மூச்சுக்கூட விடக் கூடாது. நூற்றுக்கணக்கான மேடைகளில் சபையின் சிரிப்பைத் தாளமாகக் கொண்டு நடித்தவன், அத்தாளம் இல்லாமல் நடிக்க வேண்டி வந்தது. பழைய படங்களில் நகைச்சுவை நடிகர்கள் வசனத்தின் முடிவில் ஒரு கணம் அசையாமல் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே இல்லாத சபைக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

இவ்வித்தையை மேடையிலிருந்து முழுமையாகத் திரைக்குக் கொண்டுவந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர். வில்லுப்பாட்டில் ஊறி, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பனியில் வளர்ந்தார். 1935இல் வெளிவந்த ‘மேனகா’விலும், அடுத்த ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் நெறிப்படுத்திய ‘சதிலீலாவதி’யிலும் நடித்தார். ‘சதிலீலாவதி’ நமக்குச் சற்று நெருங்கிய படம். குடியால் கெட்டு, கொலை செய்துவிட்டதாக அஞ்சும் கதாநாயகன் ஊரைவிட்டு ஓடிவந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்தான் கூலியாக வேலை செய்கிறான். எம். ஜி. ஆர். அதில் ஒரு சிறு வேடத்தில் அறிமுகமானார் என்பதைப் பலர் அறிவர். அதில் கலைவாணரும் இருந்தார் என்பதைச் சிலரே நினைவு வைத்திருக்கிறார்கள்.

கலைவாணர் தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதி, தம் குழுவை வைத்துத் தாமே அமைத்துப் படத்துக்குக் கொடுத்தார். பபூனுக்கு மேடையில் இருந்த சுதந்திரத்தைத் திரையிலும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதே இதன் பொருள். துணையாகக் கிடைத்தவர் ரி. ஏ. மதுரம். மனைவியாகவும் ஆனார். மதுரம் கணவர் சொல்வதற்குத் தலையாட்டும் சோடி அல்லர். மடக்கிக் கேட்பவர் அவர். மடங்கிப்போகிறவர் பெரும்பாலும் கிருஷ்ணன்.

இடையில் ஒரு பேரிடி. 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று திரும்பியது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. கணவர் சிறையில் இருந்த காலத்தில் மதுரம் நாடகக் குழுவைக் கலையவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு ‘பைத்தியக்காரன்’ நாடகம் மேடையேறியது. பின்னர் படமாகவும் வந்தது. வெளியே வந்த கலைவாணருக்கு அப்படத்தில் ஓர் இடமும் காத்திருந்தது. பாகவதரின் புகழ் சிறைக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கலைவாணரோ வந்ததும் வேலையைத் தொடங்கினார். அழகும் குரலும் கொண்டு வாழ்ந்தவனைக் காலம் எளிதில் மறக்கிறது, சிரிக்க வைத்தவனைச் சபை திரும்பக் கூப்பிடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்லத் தோன்றும். ஆனால் மதுரம் என்னும் ஒரு பெண்ணின் உழைப்பை அந்த விளக்கம் மறைத்துவிடும்.

1949இல் அண்ணாதுரையின் வசனத்தில் வந்த ‘நல்லதம்பி’யில் கலைவாணர் ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார். நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தை எடுத்து, கல்வி மறுக்கப்பட்ட ஒரு சேரிப் பையன் பட்டணம் சென்று படித்து, கல்வி அதிகாரியாக ஊர் திரும்பும் கதையை அதில் வைத்தார். சபை வயிறு குலுங்கச் சிரிக்கிறது. யாரைப் பார்த்து? கிந்தனைப் பார்த்து அல்ல. அவனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியவர்களைப் பார்த்து. என் மாணவனின் கேள்விக்கு இங்கே ஒரு பாதிப் பதில் கிடைப்பதாக எனக்குப் பட்டது. மறு பாதி அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை.

மறு பாதியைத் தேடி 1941இல் வந்த ‘சபாபதி’யிடம் போக வேண்டும். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது, ஏ. வி. மெய்யப்பன் படமாக்கினார். எசமானாக ரி. ஆர். இராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். இருவருக்கும் பெயர் சபாபதியே. ‘கோவலன்’ நாடகத்தில் காளியாக ஆடியதால் பெயரோடு காளி ஒட்டிக்கொண்ட ரத்தினம், பாய்ஸ் கம்பனியில் வாத்தியாராக இருந்து எம். ஜி. ஆர். போன்றோருக்குப் பயிற்சி கொடுத்தவர். அவரே திரையில் ஒன்றும் தெரியாத வேலைக்காரனாக வந்தார். சோடாவை உடைத்துக் கொண்டுவா என்றால் போத்தலையே உடைத்துவிடுவான். தொல்காப்பியர் சொன்ன மடமைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மூட வேடம் போடப் பேரறிவு வேண்டும் என்பதற்கும் அவரே சாட்சி.

ஆனால் அதே படத்தில் மாணவர்களிடம் அகப்பட்டு விழிக்கும் தமிழாசிரியர் ஒருவரும் வருகிறார். நடித்தவர் கே. சாரங்கபாணி. தமிழாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், அக்காட்சிகளை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலம் படித்தவனுக்குக் கிடைத்த மதிப்பு தமிழ் வாத்தியாருக்குக் கிடைக்காத ஒரு காலத்தில், அந்த வாத்தியாரைக் கேலிப் பொருளாக்குவது எளிது. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் சாரங்கபாணியின் முகத்தைக் கவனித்தேன். அவர் அந்த மனிதரை வெறுத்து நடிக்கவில்லை. எங்கோ தாம் கண்ட ஒரு வாத்தியாரை நினைத்து நடிக்கிறார். அதற்குப் பிறகு நானும் சிரித்தேன். ஆனாலும் முழுதாக அல்ல.

இது நமக்கு மட்டும் உரிய கதை அன்று. ‘காளிதாஸ்’ வந்த அதே 1931இல் நோர்வே நாட்டின் முதற் பேசும் படமும் வந்தது. ‘பெரிய ஞானஸ்நானம்’ என்று அதன் பெயரைச் சொல்லலாம். ஒஸ்லோ நகரின் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி ஒஸ்கார் பிராட்டன் எழுதிய மேடை நாடகம் அது. நெறிப்படுத்தியவர் தாங்கிரெட் இப்சன், நாம் எல்லோரும் அறிந்த நாடகாசிரியர் இப்சனின் பேரன். அவரோடு சேர்ந்து நெறியாண்டு, முக்கிய வேடமும் தாங்கிய ஐனார் சிசனர் மேடை நடிகரே. பேசும் படம் வந்தவுடன் அங்கும் மேடைக்குத்தான் ஓடினார்கள்.

இலங்கையிலும் அப்படியே. சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு கலையரசு சொர்ணலிங்கம் ஈழத்து மேடையை வளர்த்தார் என்பதை முன்னரே கூறியிருக்கிறேன். முதற் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வந்தபோது, அது பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா குழு மேடையில் நடித்த நாடகமே. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடித்த இடம் மதுரை. மேடையில் சிரிப்பு மூட்டிய எடி ஜயமான்னவே திரையிலும் சிரிப்பு மூட்டினார்.

ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கோ மேடையைவிட வானொலியே தாய்வீடாயிற்று. எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலியில் பெற்ற வரவேற்பினால் 1976இல் எஸ். ராமநாதனின் நெறியாள்கையில் ‘கோமாளிகள்’ என்ற படமாயிற்று. இனி என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். மரிக்காராகப் பேசியவர் முஸ்லிம் அல்லர், ராம்தாஸ். ஐயராகப் பேசியவர் பிராமணர் அல்லர், அப்துல் ஹமீத். சிங்களவர் உபாலியாக வந்தவர் செல்வசேகரன். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக வந்தவர் ராஜகோபால். ஒருவர் நாவை இன்னொருவர் இரவல் வாங்கிக்கொண்டார்கள். இரவல் வாங்கிய பெயர் உரியவரையே விழுங்கியது. மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே நாடு அவர்களை அழைத்தது.

அங்கே எல்லோருடைய பேச்சும் சிரிப்புக்கு உள்ளானது. அதுதான் அந்நாடகத்தின் நியாயம். நால்வரும் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் பரிகாசம் செய்யலாம். நான் என் வகுப்பில் செய்தது அதுவன்று. மற்ற மூவரையும் வெளியே விட்டுவிட்டு, மரிக்காரை மட்டும் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். நாலு பேர் சிரிப்பில் ஒருவன் பங்கு வேறு. ஒருவனைத் தனியே எடுத்து அவன் ஊரிலேயே காட்டுவது வேறு. அன்று மேடையில் நின்றவன் நான், என்னிடமோ கட்டியகாரனின் உரிமை இல்லை. கட்டியகாரன் முதலில் அரசனைக் கிண்டல் செய்வான். வகுப்பில் அரசன் ஆசிரியன் அல்லவா?

படத்தைக் காட்டி இதை விளக்கலாம் என்றால், ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் சுருள்கள் 1983 ஜூலைத் தீயில் போய்விட்டன. தப்பியவையும் கிடைப்பது அரிது. ஆகவே மறுவாரம் வகுப்பில் வாய்மொழியாகவே நால்வரையும் விளக்கினேன். எந்தப் பேச்சும் மற்றதற்குக் கோணல்தான் என்றேன். திருகோணமலைப் பேச்சும் அப்படியா என்று கேட்டார்கள். அப்படித்தான் என்றேன். அப்போது கடைசி வாங்கிலிருந்து அவன் எழுந்து, அனுமதி கேட்டு, முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து இல்லாத மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “பிள்ளையள், இனி நகை என்னும் மெய்ப்பாட்டின் வாசலில்…” என்று தொடங்கினான். என் குரல், என் இழுவை, சொல் முடிவில் நான் தொண்டையைச் செருமுவதுகூடத் தப்பவில்லை. வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது. அவன் அடுத்த வசனத்தைச் சொல்லாமல், சிரிப்பு அடங்கும்வரை காத்து நின்று என்னைப் பார்த்தான். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு கணம் பிந்தித்தான் சிரித்தேன். அதை அவன் கண்டுகொண்டான்.