குதிரையும் மல்லாட்டையும் வந்த கப்பல்

திருவண்ணாமலை ராஜகோபுர வேலையைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கியது 1516 வாக்கில். அதற்கு ஆறு ஆண்டு முன்புதான் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்திருந்தார்கள். ராயரையும் அவர்களையும் சேர்த்து வைத்தது குதிரை. விஜயநகரப் படைக்கு அரபு, பாரசீகக் குதிரைகள் வேண்டும். அவை கடல் தாண்டித்தான் வர வேண்டும். வழியில் செத்துப்போனவை ஏராளம். ராயருக்கு முன் ஆண்ட சாளுவ நரசிம்மர், கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே முழு விலை கொடுத்தாராம். நூனிஸ் என்ற போர்த்துக்கீசியக் குதிரை வியாபாரி எழுதி வைத்த சேதி இது. வியாபாரி சொன்னதுதான், ஆனாலும் குதிரைக்கு இருந்த கிராக்கி புரிகிறது.

போர்த்துக்கீசியருக்குக் கடல் கற்றுக் கொடுத்தது அட்லாண்டிக். அதைக் கடந்த ஆரம்பக் கப்பல்களை மலை போன்ற மரக்கலங்களாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். 1492-இல் கொலம்பஸ் ஏறிப்போன சாந்தா மரியாவின் நீளம் 60 முதல் 70 அடிக்குள் இருக்கும் என்பது கணிப்பு. அப்படி மூன்று கப்பல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வைத்தாலும் 217 அடி ராஜகோபுரத்தின் உச்சியை எட்டாது. உடன் சென்ற நீன்யா இன்னும் சிறியது. அது காரவெல் வகை: ஒடுங்கிய உடல், ஆழம் குறைந்த அடிப்பாகம், முக்கோணப் பாய்.

முக்கோணப் பாய் இருந்தால் எதிரே சாய்ந்து வரும் காற்றிலும் கப்பலை வளைத்து வளைத்து முன்னேற்றலாம். ஆப்பிரிக்கக் கரையோரம் துழாவித் திரிந்தவர்களுக்கு அது வசதி. ஆனால் பின்னாலிருந்து காற்று நாள் கணக்கில் ஒரே சீராகத் தள்ளும்போது சதுரப் பாய்தான் இழுக்கும்; கையாளவும் ஆள் குறைவாகப் போதும். அதனால் கேனரி தீவுகளில் நிறுத்தி நீன்யாவுக்குச் சதுரப் பாய் மாட்டினார்கள். இது வெறும் பாய் மாற்றமாக எனக்குப் படவில்லை. இனி எந்தக் காற்றில் போகப்போகிறோம் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

நிலநடுக்கோட்டருகே சூடேறி எழும் காற்று, 30 பாகை அட்சரேகைப் பக்கம் இறங்கி மறுபடி நடுக்கோட்டை நோக்கி வருகிறது. பூமி சுழல்வதால் வட அட்லாண்டிக்கில் அது வடகிழக்கிலிருந்து சாய்ந்து வீசும். இதுதான் வியாபாரக் காற்று. அதற்கும் வடக்கே போனால் மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்று. போக ஒன்று, திரும்ப மற்றொன்று. செப்டம்பர் 6-இல் கேனரியை விட்ட கொலம்பஸ் அக்டோபர் 12-இல் கரை கண்டார். திரும்பும்போது வடக்கே ஏறி அசோர்ஸ் வழியாக வந்தார்.

தெற்கிலும் இதே சூத்திரம்தான். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே இறங்கினால் காற்றும் நீரோட்டமும் எதிர்க்கும். அதனால் போர்த்துக்கீசியர் மேற்கே பெரிய வளைவாகச் சுற்றித்தான் நன்னம்பிக்கை முனைக்குப் போனார்கள். 1500 மார்ச்சில் 13 கப்பல்களோடு இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்ரால் அப்படி வளைந்தபோது, ஏப்ரல் 22-இல் எதிரே பிரேசில் தெரிந்தது. பிறகு நடுவழிப் புயலில் நான்கு கப்பல்கள் மூழ்கின. கோழிக்கோட்டை எட்டியவை ஆறு.

அட்லாண்டிக்கில் கற்ற பாடம் நம் கடலில் அப்படியே செல்லாது. இங்கே காற்று பருவத்துக்குப் பருவம் திசை மாறும். 1498-இல் வாஸ்கோ ட காமா கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் இந்தக் கடல் தெரிந்த வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்டு 23 நாளில் மலபாருக்கு வந்துவிட்டார். திரும்பும்போது வடகிழக்குப் பருவக்காற்று நிலைக்கும் வரை காத்திருக்கவில்லை. அதே கடலைத் தாண்ட ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கிச் செத்தவர்கள் போக, மூன்று கப்பல் ஓட்ட ஆள் மிஞ்சவில்லை. சான் ரஃபேல் என்ற கப்பலைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

புயலைவிட மோசமான எதிரி கப்பலின் அடியிலேயே இருந்தது. கப்பல் புழு என்கிறோம், உண்மையில் அது சிப்பி இனம். ஓடு சுருங்கித் துளைபோடும் கருவியாகிவிட்டது. தின்ற மரத்தைச் செரிக்க உதவும் நொதிகளை அதன் செவுள்களில் வாழும் பாக்டீரியாக்கள் தருகின்றன. வெளியே ஊசிமுனைத் துளைதான் தெரியும். உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும். வெதுவெதுப்பான கரீபியக் கடலில் அது பெருகியது. 1503-இல் கொலம்பஸின் கடைசி இரண்டு கப்பல்களும் அரிக்கப்பட்டு, ஜமைக்கா மணலில் ஏற்றி நிறுத்தும்படி ஆயிற்று. ஓராண்டு அங்கேயே கிடந்தார்.

எண்ணெய்ச் சத்துள்ள தேக்கு இதற்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இந்தியாவுக்கு வந்தவர்கள் அதைக் கண்டுகொண்டு இங்கேயே கப்பல் கட்டத் தொடங்கினார்கள். 1817-இல் பம்பாயில் தேக்கில் கட்டிய ‘திருகோணமலை’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

அட்லாண்டிக் தாண்டிய கப்பல்களின் சரக்கைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். போளூர், செங்கம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் மல்லாட்டையின், அதாவது நிலக்கடலையின், சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஜவ்வாது மலையிலிருந்து கூடை கூடையாக இறங்கும் சீத்தாப்பழமும் அமெரிக்கக் கண்டத்து மரம்தான். தக்காளி, கொய்யா, பப்பாளி, மரவள்ளி எல்லாம் அந்தப் பக்கத்தவை. குதிரைக்கு நாளும் குடம் குடமாக நல்ல தண்ணீர் வேண்டும். காய்ந்த விதைக்கு எதுவும் வேண்டாம். மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் மழை கண்டால் முளைக்கும்.

இப்படி வந்தவற்றில் வேகமாகப் பரவியது மிளகாய். அதே 16-ஆம் நூற்றாண்டிலேயே மேற்குக் கரையில் வேர்விட்டு, அதுவரை காரத்துக்கு மிளகை நம்பியிருந்த சமையலைத் தலைகீழாக மாற்றிவிட்டது. திவசச் சமையல் மட்டும் பல வீடுகளில் அசையவில்லை. அங்கே இன்றும் மிளகுதான். மிளகாய்க்கும் தக்காளிக்கும் இடமில்லை.