கறுத்த மலமும் ஒரு சேதிதான்

அந்தமானின் வண்டூர் கடற்கரையிலிருந்து போர்ட் பிளேயர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பெரிய சிகிச்சைக்கு அங்கிருந்தும் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றால், கப்பலில் மூன்று நாள். இவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கு ‘ஜிஸ்ட்’ என்ற குடல் கட்டியைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு வரும் அபூர்வக் கட்டி இது. இரைப்பையில் அதிகம், அடுத்தது சிறுகுடல். வழக்கமான குடல் புற்றுநோய் உள்தோலில் முளைக்கும். இதுவோ குடல் சுவரின் சதைக்குள் வளரும். பல நேரம் வலி தெரியாது. ரத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மலம் தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும்! கசிவு அதிலேயே மறைந்துவிடும். நடுத்தர வயது ஆணுக்கு ரத்தசோகை என்றால், ரத்தம் எங்கே போகிறது என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தாலும் விடக்கூடாது. இரண்டுக்கும் எட்டாத சிறுகுடல் நடுவில் பல மீட்டர் கிடக்கிறது. அங்கே சி.டி. ஸ்கேன் வழிகாட்டும்.

அறுவையில், கட்டியோடு இருபுறமும் நல்ல குடலைக் கொஞ்சம் சேர்த்து வெட்டி, முனைகளை இணைத்துத் தைப்பார்கள். நிணநீர்க் கணுக்களுக்கு இது அபூர்வமாகவே பரவும். ஆனால் கட்டியின் உறை கிழியவே கூடாது. கனிந்த சீத்தாப்பழத்தை எடுப்பதுபோல் எடுக்க வேண்டும். உடைந்தால் வயிறெங்கும் விதைத்த மாதிரி ஆகிவிடும்.

எடுத்த கட்டியை மெல்லிய சீவலாக்கி, சி.டி.117 என்ற புரதத்தைக் காட்டும் பரிசோதனை செய்வார்கள். பழுப்பு நிறம் ஏறினால் பெரும்பாலும் ஜிஸ்ட்தான். திரும்ப வரும் ஆபத்து அதிகமென்றால் இமாட்டினிப் மாத்திரை, தினம் 400 மில்லிகிராம், மூன்று ஆண்டுகள்.

இந்த மாத்திரைக்குச் சென்னையோடு ஒரு கதை உண்டு. 1998-இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் இதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டது. சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அப்போது அந்நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் இருந்தது. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. அந்த மறுப்பால் பிழைத்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சென்னையில் அறுவை முடித்துத் தீவுக்குத் திரும்புகிறவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, கட்டியைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். பின்னாளில் மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டால், அதற்காக மறுபடி கப்பல் ஏற வேண்டியிருக்காது.